ஆல்கோ டிரேடிங்குக்கு டெலிகிராம் பாட்: முதல் மெசேஜ் வருவது முதல், வராமல் போனால் கண்டுபிடிப்பது வரை

கொங்கு நாட்டில் சொந்தத் தொழிலைப் பார்த்துக்கொண்டே பங்குச் சந்தையிலும் ஒரு கை வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். காலை 9:15 மணிக்கு மார்க்கெட் திறக்கும்போது திருப்பூர்க்காரர் நிட்டிங் யூனிட்டில் நிற்பார். நாமக்கல்காரர் பண்ணையில் முட்டை லோடு அனுப்பிக்கொண்டிருப்பார். கோவை டவுன்ஹால் பக்கம் நகைப் பட்டறை வைத்திருப்பவர் வாடிக்கையாளரிடம் பேசியபடியே தங்கம் விலையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார். ஆல்கோ மென்பொருள் இவர்களுக்குத்தான் வசதி. வாங்குவது, விற்பது, ஸ்டாப்லாஸ் (நட்டம் ஓர் அளவைத் தொட்டால் தானாக வெளியேறும் ஆர்டர்) போடுவது எல்லாம் அதன் வேலை. ஆனால் அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று யார் பார்ப்பது? கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும் என்றால் ஆல்கோவே எதற்கு?

நடப்பதை எல்லாம் போனுக்கு அனுப்பிவைக்க டெலிகிராம் பாட், அதாவது ஆளுக்குப் பதில் நிரல் மெசேஜ் போடும் ஒரு டெலிகிராம் கணக்கு, போதும். காசு செலவில்லை, பதினைந்து நிமிட வேலை. உங்களிடம் ஏற்கெனவே ஏதோ ஒரு ஆல்கோ மென்பொருள் ஓடுகிறது, அல்லது ஓட்டிப் பார்க்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எந்த உத்தி லாபம் தரும் என்பதற்கு இங்கே பதில் கிடையாது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகம்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியே கணக்கு வெளியிட்டிருக்கிறது. அதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டு மேலே படியுங்கள்.

எல்லோரும் வாட்ஸ்அப்தானே வைத்திருக்கிறோம், அதிலேயே வரவைக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். ஆனால் முறையான வழியில் போனால் பிசினஸ் கணக்கு, முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய மெசேஜ் வார்ப்புரு, கட்டணம் என்று இழுக்கும். குறுக்கு வழியில் போனால் நம்பரையே முடக்கிவிடுவார்கள். டெலிகிராம் 2015-லேயே பாட் வசதியை எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஒரு தனி ஆளுக்கு அது போதும்.

பாட் உருவாக்குவது

டெலிகிராமில் தேடல் பெட்டியில் பாட்ஃபாதர் என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். புது பாட் உருவாக்கித் தரும் டெலிகிராமின் சொந்த பாட் அது. அதே பெயரில் போலிகளும் வரும். நீல டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். ஸ்டார்ட் அழுத்தி, சாய்கோடு போட்டு நியூபாட் என்று ஆங்கிலத்தில் அனுப்பினால் அது இரண்டு கேள்வி கேட்கும்.

முதலாவது பாட்டின் பெயர். இது போனில் தெரியும் பெயர், தமிழிலேயே வைக்கலாம். இரண்டாவது யூசர்நேம். இதில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான் செல்லும். கடைசியில் 'பாட்' என்று முடிந்தாக வேண்டும். இந்த யூசர்நேமில் உங்கள் பெயர், புரோக்கர் பெயர், டிரேடிங் என்ற சொல் எதையும் வைக்காதீர்கள். யார் வேண்டுமானாலும் தேடிக் கண்டுபிடித்து உங்கள் பாட்டுக்கு மெசேஜ் போடலாம். தேங்காய் மண்டிக் கணக்கு போல ஏதாவது சம்பந்தமில்லாத பெயர் நல்லது.

இரண்டுக்கும் பதில் சொன்னதும் ஒரு டோக்கன் கொடுக்கும். முதலில் எண்கள், நடுவில் முக்காற்புள்ளி, பிறகு நீளமாக எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சரம். இதுதான் பாட்டின் சாவி. டோக்கன் கையில் இருப்பவர் பாட் பெயரில் என்ன வேண்டுமானாலும் அனுப்பலாம், பாட்டுக்கு வருவதைப் படிக்கலாம். ஆகவே ஸ்கிரீன்ஷாட் எடுத்து நண்பர்கள் குரூப்பில் போட்டு "இது சரியா இருக்குதுங்களா" என்று கேட்கும் வேலை வேண்டாம். கை தவறி வெளியே போய்விட்டால் பாட்ஃபாதரிடமே திரும்பப் போய் ரிவோக் கட்டளை கொடுங்கள். பழைய டோக்கன் அந்த நொடியே செத்துவிடும், புதியது வரும்.

சாட் ஐடி எடுப்பது

மெசேஜ் யாருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எண்தான் சாட் ஐடி. புதியவர்கள் அதிகம் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். டோக்கனை மென்பொருளில் போட்டுவிட்டு மெசேஜ் வரவில்லையே என்று உட்கார்ந்திருப்பார்கள். டெலிகிராமில் பாட் தானாக யாரிடமும் பேச்சைத் தொடங்க முடியாது. நீங்கள்தான் முதலில் உங்கள் பாட்டின் பக்கத்துக்குப் போய் ஸ்டார்ட் அழுத்த வேண்டும். அழுத்திவிட்டு ஒரு வணக்கமும் போட்டு வையுங்கள்.

பிறகு கம்ப்யூட்டர் பிரவுசரில் ஒரு முகவரி அடிக்க வேண்டும். ஹெச்டிடிபிஎஸ், அடுத்து ஏபிஐ டாட் டெலிகிராம் டாட் ஓஆர்ஜி, ஒரு சாய்கோடு, 'பாட்' என்ற மூன்று ஆங்கில எழுத்து, அதோடு இடைவெளி விடாமல் ஒட்டி உங்கள் டோக்கன், மறுபடி ஒரு சாய்கோடு, கடைசியில் கெட்அப்டேட்ஸ். டோக்கனுக்கு முன்னால் அந்த மூன்று எழுத்தை விட்டுவிட்டால் 404 என்ற பிழை எண் வரும். எண்டர் தட்டினால் அடைப்புக்குறிகளும் மேற்கோள் குறிகளுமாக ஒரு பத்தி வரும். அதில் 'சாட்' என்ற சொல்லைத் தேடுங்கள். அதற்குள் 'ஐடி' என்று ஓர் எண் இருக்கும். அதுதான் உங்கள் சாட் ஐடி. பக்கத்திலேயே மெசேஜ் ஐடி, அப்டேட் ஐடி என்று வேறு எண்களும் இருக்கும், மாற்றி எடுத்துவிடாதீர்கள்.

பத்தி வராமல் வெறும் காலி அடைப்புக்குறி மட்டும் வந்தால், பாட்டுக்கு இன்னொரு மெசேஜ் போட்டுவிட்டு பக்கத்தை மறுபடி திறங்கள். டெலிகிராம் இந்தப் பட்டியலை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காது. 409 என்று வந்தால் அதே டோக்கனை வேறொரு நிரல் ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்; அதை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

சாட் ஐடி சொல்லித் தருகிறேன் என்று வெளி ஆட்களின் பாட்கள் நிறைய உண்டு. பிரவுசரிலேயே கிடைக்கும் எண்ணுக்கு எதற்கு இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்?

மென்பொருளைத் தொடுவதற்கு முன்னால் இதையும் பிரவுசரிலேயே சோதித்துவிடுங்கள். அதே முகவரியில் கெட்அப்டேட்ஸை எடுத்துவிட்டு சென்ட்மெசேஜ் போட்டு, கேள்விக்குறி வைத்து, சாட் ஐடிக்கும் டெக்ஸ்டுக்கும் மதிப்பு கொடுத்தால் போன் ஒலிக்க வேண்டும். 401 வந்தால் டோக்கனில் பிழை. 400 வந்து சாட் கிடைக்கவில்லை என்று சொன்னால் ஐடி தவறு, அல்லது ஸ்டார்ட் அழுத்தவில்லை. 403 வந்தால் பாட்டை நீங்களே பிளாக் செய்து வைத்திருக்கிறீர்கள். இங்கே வேலை செய்து மென்பொருளில் செய்யவில்லை என்றால் கோளாறு மென்பொருள் பக்கம்தான். பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும்.

மென்பொருளில் இணைப்பது

இது நீங்கள் எதை ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஃப்ரீக்டிரேட் (கிரிப்டோவுக்கான ஆல்கோ மென்பொருள்) போன்றவற்றில் கான்ஃபிக் கோப்பிலேயே, அதாவது அமைப்புகளை எழுதி வைக்கும் கோப்பிலேயே, டெலிகிராமுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. டோக்கன், சாட் ஐடி இரண்டையும் போட்டு ஆன் செய்தால் முடிந்தது. எந்தச் செய்தி சத்தத்தோடு வர வேண்டும், எது சத்தமில்லாமல், எது வேண்டவே வேண்டாம் என்றும் அங்கேயே பிரித்து வைக்கலாம். மெட்டாடிரேடர் 5 என்றால் ஆப்ஷன்ஸில் எக்ஸ்பர்ட் அட்வைசர்ஸ் பக்கம் போய், வெப்ரிக்வஸ்ட் (நிரல் இணைய முகவரியைத் தொடும் வசதி) அனுமதிப் பட்டியலில் டெலிகிராம் ஏபிஐ முகவரியைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் ஒன்றும் போகாது. பழைய விலைகளை வைத்து உத்தியைச் சோதிக்கும் ஸ்ட்ராட்டஜி டெஸ்டரில் வெப்ரிக்வஸ்ட் ஓடவே ஓடாது என்பதால் அங்கே மெசேஜ் வரவில்லையே என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். டிரேடிங்வியூ என்ற சார்ட் தளத்தின் அலர்ட்டை வெப்ஹுக் (ஒரு முகவரிக்குத் தானாகத் தகவல் தள்ளும் வசதி) வழியாக நேராக டெலிகிராமுக்கே அனுப்பலாம். ஆனால் டோக்கனை அங்கே எழுதி வைக்க வேண்டியிருக்கும், எனக்கு அதில் அவ்வளவு சம்மதமில்லை.

பைத்தானில் சொந்தமாக எழுதியவர்களுக்கு இரண்டு விஷயம். டோக்கனை நிரலுக்குள்ளேயே எழுதாமல் என்விரான்மென்ட் வேரியபிளில், அதாவது நிரலுக்கு வெளியே கம்ப்யூட்டரின் அமைப்பில், வையுங்கள். என்றாவது ஒருநாள் அந்தக் கோப்பு கிட்ஹப்புக்கோ, உதவி கேட்டு யாருக்கோ போய்விடும்.

இரண்டாவது இதைவிட முக்கியம். மெசேஜ் அனுப்பும் வேலையால் ஆர்டர் போடும் வேலை ஒரு நொடிகூடத் தடைபடக் கூடாது. டெலிகிராம் பதில் சொல்லாமல் இழுத்தால், டைம்அவுட் (இவ்வளவு நேரம்தான் காத்திருப்பேன் என்ற கெடு) வைக்காத நிரல் அங்கேயே நின்றுவிடும். ஸ்டாப்லாஸ் பார்க்க வேண்டிய நேரத்தில் உங்கள் ஆல்கோ டெலிகிராம் வாசலில் காத்துக்கொண்டிருக்கும். இன்னொரு மோசமான நிலைமையும் உண்டு. ஆர்டர் போடுவது, மெசேஜ் அனுப்புவது இரண்டையும் ஒரே ட்ரை பிளாக்குக்குள் (பிழை வந்தால் பிடித்துக்கொள்ளும் நிரல் பகுதி) வைத்து, தோற்றால் மறுபடி முயற்சி செய் என்று எழுதியிருப்பார்கள். ஆர்டர் போய்விட்டது, மெசேஜ் தோற்றது. நிரல் என்ன செய்யும்? முழுவதும் தோற்றதாக நினைத்துக்கொண்டு ஆர்டரையும் இன்னொரு முறை போடும். ஒரு லாட் (சேர்த்து வாங்கும் ஒரு கட்டு) வாங்க வேண்டிய இடத்தில் இரண்டு, மூன்று என்று ஏறும். ஆகவே மெசேஜ் அனுப்புவதற்குத் தனி ஃபங்ஷன், அதற்குள்ளேயே தனி ட்ரை, ஐந்து நொடி டைம்அவுட். தோற்றால் லாகில் (நிரலின் பதிவேடு) ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். முடிந்தால் தனித் திரெட்டில் (நிரலுக்குள் தனியாக ஓடும் இழை) ஒரு வரிசையாக வைத்து அனுப்புங்கள்.

டெலிகிராமுக்கும் அளவு உண்டு. ஒரே சாட்டுக்கு நொடிக்கு ஒரு மெசேஜுக்கு மேல் தொடர்ந்து போனால் 429 என்று தள்ளிவிடும். எத்தனை நொடி பொறுக்க வேண்டும் என்பதையும் அந்தப் பதிலிலேயே சொல்லும். குரூப் என்றால் நிமிடத்துக்கு 20. ஒரு மெசேஜுக்கு 4096 எழுத்து. தடித்த எழுத்து, சாய்வெழுத்து என்று அலங்காரம் செய்ய மார்க்டவுன் வி2 என்ற குறியீட்டு முறையைப் போட்டால் புள்ளி, கழித்தல் குறியெல்லாம் தனியாகக் கவனிக்க வேண்டும். விலையில் புள்ளி இல்லாமல் இருக்குமா? அலங்காரம் இல்லாமலே அனுப்புங்கள்.

எதை அனுப்புவது

சிக்னல் வந்தது, ஆர்டர் போட்டது, ஆர்டர் நிரம்பியது. இந்த மூன்றும் வேறு வேறு. பலர் ஆர்டர் அனுப்பிய கையோடு "வாங்கியாச்சு" என்று மெசேஜ் போடவைத்துவிடுகிறார்கள். மார்ஜின் (ஆர்டருக்குக் கணக்கில் இருக்க வேண்டிய பணம்) பற்றாமல் புரோக்கரின் ஆர்எம்எஸ், அதாவது ரிஸ்க்கைச் சோதிக்கும் அமைப்பு, அதைத் தூக்கி எறிந்திருக்கலாம், பாதி மட்டும் நிரம்பியிருக்கலாம். புரோக்கரிடமிருந்து திரும்பி வரும் ஆர்டர் நிலையைப் படித்த பிறகே வாங்கியது, விற்றது என்ற சொல் மெசேஜில் வர வேண்டும். மாதிரிக்கு ஒன்று:

நிரம்பியது: வாங்கல்
நிஃப்டிபீஸ், 40 / 40
சராசரி 271.35
நேரம் 09:21:07
ஸ்டாப்லாஸ் ஆர்டர்: போட்டாச்சு, நிலுவையில்

நிஃப்டிபீஸ் என்பது நிஃப்டியைப் பின்பற்றும் ஒரு இடிஎஃப், பங்கு போலவே வாங்கி விற்கலாம். 40 / 40 என்பது கிடைத்ததும் கேட்டதும். 25 / 40 என்று வந்தால் கண் தானாக நிற்கும். கடைசி வரிதான் என் பார்வையில் மெசேஜின் உயிர். பொசிஷன் (வாங்கி இன்னும் முடிக்காமல் கையில் இருப்பது) இருக்கிறது, ஸ்டாப்லாஸ் இல்லை என்ற நிலைமைதான் தூக்கத்தைக் கெடுப்பது.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிளவுட் சர்வரில் ஓட்டுபவர்களுக்குப் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரம்தான் வரும். காலை 9:15 என்பது அதில் 3:45. ஆசியா கொல்கத்தா என்ற நேர மண்டலத்தை நிரலில் குறிப்பிட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மெசேஜுக்கும் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொண்டிருப்பீர்கள்.

எல்லாவற்றையும் சத்தத்தோடு அனுப்பினால் மூன்றாம் நாளே பாட்டை மியூட் செய்துவிடுவீர்கள், பிறகு எதற்கு அது? வழக்கமான செய்திகளுக்கு நோட்டிஃபிகேஷனை அடக்கும் அமைப்பை நிரலில் ட்ரூ என்று வையுங்கள். மெசேஜ் வந்திருக்கும், போன் ஒலிக்காது. ஆர்டர் நிராகரிப்பு, லாகின் தோல்வி, ஸ்டாப்லாஸ் போட முடியாமை, விலைத் தகவல் நின்றுபோவது ஆகியவற்றுக்கு மட்டும் ஒலி. எம்சிஎக்ஸ் என்ற பொருள் சந்தையில் தங்கம், வெள்ளி ஓட்டுகிறவர்களுக்கு இது இன்னும் தேவை. அங்கே வர்த்தகம் இரவு 11:30 வரையும், சில மாதங்களில் அதைத் தாண்டியும் நடக்கும்.

போன் பக்கமும் கொஞ்சம் வேலை இருக்கிறது. சில ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று டெலிகிராமையே தூங்கவைத்துவிடும். பேட்டரி அமைப்பில் டெலிகிராமுக்குக் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றுங்கள். லாக் ஸ்கிரீனில் மெசேஜின் உள்ளடக்கம் தெரியாமல் மறைத்துவிடுங்கள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது இலைக்குப் பக்கத்தில் வைத்த போனில் அன்றைய நட்டம் பளிச்சென்று வந்தால், பாயசம் வருவதற்குள் சொந்தபந்தம் முழுக்கச் செய்தி போய்விடும்.

மெசேஜ் வராதபோது

"ஏங்கண்ணு, காத்தால இருந்து ஒண்ணுமே வரலியே. சிக்னலே இல்லியா?"

"அதுதானுங் மாமா தெரியல. சிக்னல் இல்லியா, வீட்டுல கரண்டே இல்லியான்னு."

ஆல்கோ ஓட்டும் வீடுகளில் இந்தப் பேச்சு சகஜம். பாட் அமைதியாக இருந்தால் இரண்டு பொருள். இன்று வேலை இல்லை என்பது ஒன்று, மென்பொருளே செத்துக் கிடக்கிறது என்பது இன்னொன்று. போனில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். விசைத்தறிக் கொட்டகைக்குப் பக்கத்தில் தூங்குபவருக்குத் தறிச் சத்தத்தால் தூக்கம் கெடாது, சத்தம் நின்றால்தான் முழிப்பு வரும். பாட்டையும் அப்படி அமைக்க வேண்டும்.

நம் பக்கத்தில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. துணை மின்நிலையப் பராமரிப்புக்காக மாதம் ஒருநாள் காலையிலிருந்து மாலை வரை மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். மார்க்கெட் நேரம் முழுக்க அதற்குள் அடங்கிவிடும். முந்தின நாள் பேப்பரில் ஊர்ப் பெயர்கள் வரும்; ஆனால் படிக்க மறந்தால் யுபிஎஸ் தாங்கும் வரை ஆல்கோ ஓடும், பிறகு பொசிஷனை அந்தரத்தில் விட்டுவிட்டு அணையும். மோடத்துக்கு யுபிஎஸ் கொடுக்காதவர்களுக்கு கம்ப்யூட்டர் ஓடும், இணையம் இருக்காது. ஸ்டாப்லாஸை மென்பொருளுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளாமல் புரோக்கரிடமே ஆர்டராகப் போட்டுவைப்பதன் அருமை அன்றைக்குத்தான் தெரியும்.

நான் பரிந்துரைக்கும் ஏற்பாடு இப்படி. காலை 9 மணிக்கு ஒலியோடு ஒரு மெசேஜ்: லாகின் ஆனது, கணக்கில் இவ்வளவு மார்ஜின், விலைத் தகவல் வருகிறது. பெரும்பாலான புரோக்கர்களின் ஏபிஐ (நிரல் நேராக ஆர்டர் போடும் வழி) அனுமதி தினமும் காலாவதியாகும் என்பதால் காலை லாகின்தான் அதிகம் சறுக்கும் படி. பிறகு அரை மணிக்கு ஒருமுறை ஒலியில்லாமல் ஒரு வரி: ஓடுகிறது, திறந்த பொசிஷன் இத்தனை, கடைசி விலை வந்த நேரம் இது. கடைசி விலையின் நேரத்தைச் சேர்ப்பது வீணல்ல. நிரல் உயிரோடு இருக்கும், விலைத் தகவல் மட்டும் பத்து நிமிடத்துக்கு முன்பே நின்றிருக்கும். மாலை 3:35-க்கு நாள் கணக்கு.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. கம்ப்யூட்டர் அணைந்தால் "நான் அணைந்துவிட்டேன்" என்று அதனால் மெசேஜ் போட முடியாது. அரை மணி மெசேஜ் வரவில்லை என்பதை நீங்கள்தான் கவனிக்க வேண்டும். லோடு ஏற்றும் அவசரத்தில் யார் கவனிப்பார்கள்? அதற்கு வெளியிலிருந்து பார்க்கும் கண் வேண்டும். ஹெல்த்செக்ஸ் டாட் ஐஓ போன்ற சேவைகள் இதற்கென்றே இருக்கின்றன. உங்கள் நிரல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர்கள் கொடுக்கும் முகவரியைத் தொட வேண்டும். தொடாமல் விட்டால், நீங்கள் வைத்த அவகாசம் முடிந்ததும் அவர்களே டெலிகிராமில் உங்களை எழுப்புவார்கள். மார்க்கெட் நேரத்துக்கு மட்டும் அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் எழுப்பும்.

குரூப், கட்டளை, சட்டம்

பார்ட்னரோடு சேர்ந்து பார்க்க வேண்டுமென்றால் குரூப் தொடங்கி பாட்டை அதில் சேர்க்கலாம். குரூப் ஐடி கழித்தல் குறியோடு வரும், அதையும் சேர்த்தே போட வேண்டும். சாதாரண குரூப் பின்னாளில் சூப்பர்குரூப்பாக மாறினால் ஐடியும் மாறி, -100 என்று தொடங்கும். நேற்று வரை வந்த மெசேஜ் இன்று வரவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

போனிலிருந்தே ஆல்கோவுக்கு உத்தரவு போடும் வசதியும் பல மென்பொருள்களில் உண்டு. தொடக்கத்தில் நிலைமை கேட்பது, நிறுத்துவது இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாங்கு, விற்றுவிடு என்று போனிலிருந்து சொல்லும் வழியைத் திறக்காதீர்கள். சொந்த நிரல் என்றால் வரும் ஒவ்வொரு கட்டளையும் உங்கள் சாட் ஐடியிலிருந்துதான் வந்ததா என்று சோதித்த பிறகே செயல்பட வேண்டும். பாட் உரையாடல்களுக்கு முழு மறைகுறியாக்கம் (இரு முனையைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாத பூட்டு) கிடையாது, ரகசிய சாட்டில் பாட் வராது. ஆகவே கிளையன்ட் ஐடி, ஏபிஐ சாவி எதுவும் மெசேஜில் போகக் கூடாது. பிழைச் செய்தியை அப்படியே அனுப்பும் நிரல்களில் இவை தெரியாமல் ஒட்டிக்கொண்டு வரும், கவனியுங்கள்.

பாட் நன்றாக ஓட ஆரம்பித்ததும் நாலு பேர் "நமக்கும் அந்த மெசேஜ் வர்ற மாதிரி பண்ணிக் குடுங்க, மாசம் ஏதாச்சும் தந்தர்றோம்" என்று கேட்பார்கள். காசு வாங்கிக்கொண்டு எதை வாங்குவது, எதை விற்பது என்று சொல்ல செபியிடம் பதிவு வேண்டும். இல்லாமல் செய்வது சட்டப்படி குற்றம். சொந்தக் கணக்குக்கு ஏபிஐ வழியாக ஆல்கோ ஓட்டுவதற்கும் 2025 பிப்ரவரியில் செபி சுற்றறிக்கை விட்டிருக்கிறது. மாறாத ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பின் எண்), ஆல்கோ ஆர்டர்களுக்கு அடையாள எண் போன்றவை அதில் வருகின்றன. வீட்டு பிராட்பேண்டில் ஐபி அவ்வப்போது மாறும் என்பதால், உங்கள் புரோக்கர் இதை எப்படி நடைமுறைப்படுத்துகிறார் என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

முதல் வாரம் நிஜக் காசில்லாத பேப்பர் டிரேடிலோ, ஒன்றிரண்டு பங்குகளை வைத்தோ ஓட்டுங்கள். ஒருநாள் மதியம் வேண்டுமென்றே மோடத்தை அணைத்துப் பாருங்கள், எத்தனை நிமிடத்தில் போன் ஒலிக்கிறது என்று. இன்னொரு நாள் டோக்கனில் ஓர் எழுத்தை மாற்றிவிட்டு, மெசேஜ் போகாவிட்டாலும் ஆர்டர் சரியாகப் போகிறதா என்று பாருங்கள். பேப்பர் டிரேடுக்குக் கான்ட்ராக்ட் நோட் (அன்றைய வாங்கல் விற்பனைக்குப் புரோக்கர் தரும் கணக்குச் சீட்டு) வராது. நிஜக் காசில் ஓட்டிய நாட்களில் இரவு புரோக்கர் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட்டை எடுத்து அன்றைய மெசேஜ்களோடு வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள். எண்ணிக்கையோ விலையோ ஒரு வரியில் மாறினாலும், காரணம் தெரியும் வரை லாட்டைக் கூட்ட வேண்டாம்.